ஃபெத்தியேயில் வீடு வாங்கலாமா, போய்வந்தால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது. லண்டனில் இருக்கும் உங்கள் சித்தப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவரோடு வேலை பார்த்த ஆங்கிலேயர் இருவர் துருக்கியில் ஃபெத்தியே பக்கம் வீடு வாங்கிக் குடியேறிவிட்டார்கள். இவருக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. முதலில் நீங்கள் சென்னையிலிருந்தும் அவர் லண்டனிலிருந்தும் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று யோசிக்கிறீர்கள். ஆனால் அங்கே போய்வந்தவர்களும் குடியேறியவர்களும் எழுதுவதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் மனிதர்கள் தங்கம், ஊர் சொர்க்கம் என்கிறார். இன்னொருவர் சேமிப்பெல்லாம் போயிற்று என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். துருக்கிக் கடற்கரையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நான் மூன்று விஷயம் விசாரிப்பேன். எந்த மாதத்தில் இருந்தார், எந்த வருடத்தில் இருந்தார், கையில் இருந்தது எந்த நாட்டுப் பணம். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் முரண்பாடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏப்ரல் கடைசியில் திறந்து அக்டோபர் கடைசியில் மூடுகிற கடற்கரை இது. ஃபெத்தியே பக்கத்தில் உள்ள ஓலூதெனிஸ் கடற்கரையில் கடை வைத்திருப்பவர் வருட வாடகை கொடுக்கிறார், வியாபாரம் நடப்பதோ ஆறு ஏழு மாதம். உணவகங்களில் பரிமாறும் பையன்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் இல்லை. கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்து, முதலாளி கொடுத்த அறையில் நாலைந்து பேராகத் தங்கி, சீசன் முழுக்க ஓய்வில்லாமல் உழைத்துவிட்டு நவம்பரில் ஊர் திரும்புகிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கான வருமானத்தை ஏழு மாதத்தில் எடுத்தாக வேண்டும். வாசலில் நின்று "எந்த ஊர் சார், உள்ளே வாங்க" என்று வழிமறிப்பதும், சுற்றுலா வண்டி நேராக நகைக்கடை வாசலிலோ தோல் ஆடைக்கடை வாசலிலோ போய் நிற்பதும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. அழைத்து வருபவருக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுக்கிறார். மலிவான ஒருநாள் சுற்றுலா எப்படி அவ்வளவு மலிவாக இருக்கிறது என்பதற்கும் அதுதான் விடை.

அதே ஊரில் பிரதான சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஃபெத்தியேயில் செவ்வாய்க்கிழமை கூடுகிற வாரச் சந்தைக்குப் போங்கள். துணி, பை, கைக்கடிகாரம் விற்கிற பகுதி வெளிநாட்டவருக்கானது. பேரம் உண்டு, போலிச் சரக்கும் உண்டு, 'அசல் போலிக் கடிகாரம்' என்று பலகையே வைத்திருப்பார்கள். காய்கறிப் பகுதி உள்ளூர்க் குடும்பங்களுக்கானது. தக்காளி விலை எழுதி வைத்திருக்கும், எல்லோருக்கும் ஒரே விலைதான், பேரம் பேசினால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரே சந்தைக்குப் போய்வந்த இருவர் இரண்டு விதமாக எழுதினால் எந்த வரிசையில் நடந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

துருக்கிக் கடற்கரை என்று மொத்தமாகப் பேசுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தால்யாவும் அதைச் சுற்றியுள்ள கெமெர், பெலெக், சீதே, அலன்யாவும் பெரிய விடுதிகளின் உலகம். அந்தால்யா மாகாணத்துக்கு மட்டும் வருடத்துக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வருகிறார்கள். அதில் ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் முன்னணி. அங்கே நடப்பது 'எல்லாம் அடங்கிய' கட்டணமுறை. கையில் பட்டை கட்டிவிடுவார்கள், மூன்று வேளைச் சாப்பாடும் குடியும் கடற்கரையும் அதற்குள் அடக்கம். விடுதி வாசலைத் தாண்டாமலே ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறவர்கள் அநேகம். குழந்தைகளோடு போகும் குடும்பங்களுக்கு அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் துருக்கியைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயம் அந்த விடுதியைப் பற்றியதுதான்.

மேற்கே வந்தால் கதை வேறு. காஷ், கல்கான், ஃபெத்தியே, டால்யான், மர்மாரிஸ் வரை உள்ள பகுதியில் மலை நேராகக் கடலில் இறங்குவதால் பெரிய விடுதிகளுக்கு இடம் குறைவு. சிறு விடுதிகளும் வாடகை வீடுகளும் படகுகளும் அதிகம், ஆங்கிலேயர்களும் அதிகம். ஃபெத்தியேக்கு மேலே ஹிசாரோனு என்ற இடத்தில் ஆங்கிலேயரின் காலைச் சாப்பாடு, கால்பந்து காட்டும் பெரிய திரை, அவர்களுக்காகவே நடக்கும் இந்திய உணவகம் எல்லாம் வரிசையாக இருக்கும். துருக்கிக்குப் போய் பிர்மிங்ஹாம் பாணி டிக்கா மசாலா சாப்பிடுகிற விசித்திரத்தை அங்கே பார்க்கலாம், சித்தப்பாவுக்கு அது வீட்டு ஞாபகமாகக்கூட இருக்கும். இன்னும் மேற்கே போட்ரும் இஸ்தான்புல் பணக்காரர்களின் ஊர், விலையும் அதற்கேற்றபடி. வடக்கே அய்வாலிக் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் துருக்கியர்களே. கருங்கடல் ஓரத்தில் டிராப்சோனுக்கு வளைகுடா அரபுக் குடும்பங்கள் வருகின்றன. மழையும் பனிமூட்டமும் பச்சை மலையும்தான் அவர்களை இழுக்கின்றன. ஐரோப்பியர்கள் வெயிலைத் தேடித் தெற்குக் கரைக்கு வருகிறார்கள், அரபுகள் வெயிலிலிருந்து தப்பி வடக்குக் கரைக்குப் போகிறார்கள்.

இனி வருடம். 2010இல் ஒரு பவுண்டுக்குத் துருக்கிப் பணமான லிரா இரண்டேகால் அளவில் கிடைத்தது. 2025 நடுவில் அது 50 லிராவைத் தாண்டிவிட்டது. இதைக் கேட்டதும் பவுண்டு வைத்திருப்பவருக்கு ஊரே மலிவாகிவிட்டது என்று தோன்றும். சில வருடங்கள் அப்படியும் இருந்தது. 2021இன் கடைசி மாதங்களில் லிரா சரிந்தபோது போனவர்கள் எழுதியதைப் படித்தால் எல்லாம் பாதி விலை என்றிருக்கும். பிறகு விலைவாசி துரத்திப் பிடித்தது. அரசாங்கக் கணக்கிலேயே 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தொட்டது. அதன் பின் விலைகள் ஏறிய வேகத்துக்கு லிரா இறங்கவில்லை. அதனால் 2024, 2025இல் போனவர்கள் 'துருக்கி மலிவு' என்ற நம்பிக்கையோடு போய் உணவக ரசீதைப் பார்த்து அதிர்ந்தார்கள். 2019இல் எழுதிய செலவுக் கணக்கை இன்று நம்பிப் போகாதீர்கள். எபேசஸ் இடிபாடுகளைப் பார்க்க வெளிநாட்டவருக்கு 2024 முதல் 40 யூரோ. அருங்காட்சியகக் கட்டணங்களை யூரோவில் நிர்ணயித்துவிட்டதால் லிரா விழுந்தாலும் உங்களுக்கு லாபமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் துருக்கியர்களே இந்த விலையைத் தாங்க முடியாமல் எதிர்க்கரைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். 2024 வசந்தத்திலிருந்து லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ், கோஸ், ரோட்ஸ் போன்ற கிரேக்கத் தீவுகளுக்கு அவர்களுக்குத் துறைமுகத்திலேயே ஏழு நாள் விசா கொடுக்கிறார்கள். போட்ருமில் சாப்பிடுவதைவிட கோஸ் தீவில் சாப்பிட்டுத் திரும்புவது மலிவு என்று துருக்கியப் பத்திரிகைகளிலேயே அந்தக் கோடையில் பேச்சு.

விலை விஷயத்தில் சுற்றுலாப் பயணி கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டுதான். விலைப்பட்டியலை வாசலிலும் மேசையிலும் வைக்க வேண்டும் என்பது சட்டம். பட்டியல் இல்லாத கடையில் உட்காராதீர்கள். மீன் எடைக்கணக்கில் விற்கப்படும், சமைப்பதற்கு முன்பே நிறுத்துக் காட்டச் சொல்லி விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான 'ஏமாற்றிவிட்டார்கள்' கதைகள் மீன் தட்டிலிருந்து புறப்பட்டவை. கடற்கரை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். துருக்கி அரசியலமைப்பின் 43ஆவது பிரிவும் 1990இன் கரையோரச் சட்டமும் கடலோரத்தைப் பொதுச்சொத்து என்கின்றன. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும் காசு கேட்கலாம், துண்டை விரித்து மணலில் உட்காருபவரிடம் கேட்க முடியாது. போட்ரும் பக்கம் கடற்கரைக் கிளப்புகள் இதை மதிப்பதில்லை என்று உள்ளூர் மக்களே போராடிக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி குடிக்கிற பழக்கமுள்ளவர்கள் யாருடன் வந்தாலும் ஒரு எச்சரிக்கை: மதுவுக்கு வரி மிக அதிகம் என்பதால் கள்ளச்சரக்கு ஓடுகிறது, மெத்தனால் கலந்ததைக் குடித்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. முத்திரையுள்ள புட்டியைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

சுற்றுலாவுக்கு இவ்வளவு போதும். சிக்கலெல்லாம் குடியேற்றத்தில்தான் இருக்கிறது, சித்தப்பாவுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கரைக்கு வெளியாட்கள் வருவதும் போவதும் புதிதல்ல. ஃபெத்தியேக்குத் தெற்கே காயாக்கோய் என்ற கைவிடப்பட்ட ஊர் மலைச்சரிவு முழுக்க நிற்கிறது, கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல்வீடுகள். முன்பு லெவிசி என்ற பெயரில் கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர். 1923 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தப்படி துருக்கியிலிருந்து சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், அங்கிருந்து சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் இங்கும் மாற்றப்பட்டார்கள். கல்கானின் வெள்ளை வீடுகளும் அப்படிப் போனவர்கள் விட்டுச்சென்றவைதான். போட்ருமுக்கும் அய்வாலிக்குக்கும் கிரீட் தீவு முஸ்லிம்கள் வந்து சேர்ந்தார்கள். இன்று அந்த வெள்ளை வீடுகளில் கோடை கழிக்க ஆங்கிலேயர்கள் வாடகை கொடுக்கிறார்கள். 1925இல் ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளரைத் தண்டனையாக போட்ருமில் போய் இருக்கும்படி அனுப்பினார்கள். அன்றைக்கு அது அவ்வளவு ஒதுக்குப்புறம். அவர் அந்த ஊரைக் காதலித்துத் தண்டனை முடிந்த பிறகு திரும்பி வந்து அங்கேயே வாழ்ந்தார், நண்பர்களைப் படகில் ஏற்றிக் கரையோரம் சுற்றினார். இன்று வாரக்கணக்கில் மரப்படகில் சுற்றும் பயணங்களுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

வெளிநாட்டவர் அங்கே போய் நல்லது செய்ததற்கும் கதைகள் உண்டு. டால்யானில் இஸ்துஸு கடற்கரை பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடும் இடம். 1980களில் அங்கே ஒரு பெரிய விடுதி கட்ட அடித்தளம் போட்டபோது, கடற்கரைக் குடிசையில் வாழ்ந்துவந்த ஜூன் ஹைமாஃப் என்ற ஆங்கிலப் பெண்மணி எதிர்ப்பைத் திரட்டினார். 1988இல் அது சிறப்புப் பாதுகாப்புப் பகுதியானது, விடுதி வரவில்லை. முட்டையிடும் பருவத்தில் இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை இன்றும் அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. உள்ளூர்க்காரர்கள் அவரைக் கேப்டன் ஜூன் என்று அழைத்தார்கள். துருக்கிக் குடியுரிமையும் பெற்று, 2022இல் தொண்ணூற்று ஒன்பது வயதில் இறந்தார். ஃபெத்தியேயிலிருந்து அந்தால்யா வரை 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் லிசியன் நடைபாதையை ஆய்ந்து அடையாளமிட்டவரும் கேட் க்ளோ என்ற ஆங்கிலப் பெண்மணிதான். 1999இல் அது திறந்தது. இருவரும் அங்கே சும்மா உட்கார்ந்துவிடவில்லை, ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். காலையில் நீச்சல், மாலையில் பீர் என்று போன பலருக்கு இரண்டாம் வருடமே சலிப்புத் தட்டிவிடுகிறது.

ஆனால் நீங்கள் படித்த சோகக் கதைகளுக்குக் காரணம் சலிப்பு இல்லை, வீட்டுப் பத்திரம். பழைய கதைகளின் வேர் சட்டத்தில் இருந்தது. 2003 வரை கிராம எல்லைக்குள் வெளிநாட்டவர் நிலம் வாங்கத் தடை. கடலோரத்தின் அழகான இடமெல்லாம் கிராமம். எனவே பலர் நம்பிக்கையான துருக்கிய நண்பர் பெயரிலோ, விடுமுறையில் சந்தித்துக் காதலித்தவர் பெயரிலோ வாங்கினார்கள். நட்பும் காதலும் முறிந்தபோது வீடு பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குப் போனது. ஆங்கிலப் பத்திரிகைகள் இதைத் துருக்கிய இளைஞர்களின் வஞ்சகமாகவே எழுதித் தள்ளின. வஞ்சகம் இருந்ததுதான், அதற்குக் கதவைத் திறந்து வைத்தது அந்தத் தடை. தடை நீங்கியதும் அடுத்த அலை வந்தது. திதிம், குஷாதாசி பக்கம் இன்னும் கட்டாத அடுக்குமாடிகளை வரைபடத்தைப் பார்த்தே வாங்கினார்கள். பணம் முழுவதையும் கொடுத்தும் பத்திரம் வரவில்லை, அல்லது வந்த வீட்டின் மேல் கட்டியவர் வாங்கிய வங்கிக் கடன் உட்கார்ந்திருந்தது. இங்கிலாந்தில் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு கதவைக்கூட வாங்காத மனிதர்கள், வெயிலில் ஒரு வாரம் உட்கார்ந்ததும் விற்பவரின் வழக்கறிஞரையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள்!

இன்று நிலைமை எவ்வளவோ மேல். நிலப்பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் 'தாபு' என்ற பத்திரம்தான் உரிமை. நோட்டரியிடம் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் தாபு ஆகாது. வெளிநாட்டவர் வாங்கும்போது அரசு உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை 2019 முதல் கட்டாயம். துருக்கி மொழி தெரியாதவர் கையெழுத்திடும்போது உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும். பத்திரத்தைப் பெயர் மாற்றும் வரி 4 சதவீதம், சட்டப்படி விற்பவரும் வாங்குபவரும் பாதிப் பாதி, நடைமுறையில் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழும். நிலநடுக்கக் காப்பீடு கட்டாயம், அது இல்லாமல் மின்சாரம், தண்ணீர் இணைப்பே கிடைக்காது. அதை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். ஃபெத்தியே 1957 நிலநடுக்கத்தில் பெருமளவு அழிந்து திரும்பக் கட்டிய ஊர். 2020 அக்டோபரில் இஸ்மிரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே தாபுவுக்கு அடுத்தபடியாக 'இஸ்கான்' எனப்படும் குடியிருப்புச் சான்றைக் கேளுங்கள். கட்டடம் அனுமதித்த வரைபடப்படி கட்டி முடிக்கப்பட்டதற்கு அது அத்தாட்சி. 'அது வந்துகொண்டிருக்கிறது' என்று விற்பவர் சொன்னால் அது வந்த பிறகு பேசலாம் என்று எழுந்து வந்துவிடலாம். வாங்கிய பிறகு வாரிசுரிமைக்கும் துருக்கிச் சட்டமே பொருந்தும். பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் உரிய பங்கை உயில் எழுதி முற்றாக மாற்ற முடியாது.

'வருடத்தில் பாதி நாம் இருப்போம், மீதியை வாடகைக்கு விட்டால் செலவு வந்துவிடும்' என்று ஏஜென்ட் சொல்வார். 2024 ஜனவரியிலிருந்து 100 நாள் வரையிலான சுற்றுலா வாடகைக்கு அனுமதிச் சான்று வேண்டும். அடுக்குமாடி என்றால் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் இருபது குடும்பம் ஒருமனதாக ஒரு விஷயத்துக்குச் சம்மதித்ததை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

வீடு வாங்கினால் தங்கும் உரிமை தானாக வந்துவிடும் என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. முன்பெல்லாம் அனுமதியே இல்லாமல் வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கொரு முறை காஷிலிருந்து படகில் அரைமணி நேரத்துக்குள் எதிரே கிரேக்கத்துக்குச் சொந்தமான மெய்ஸ் தீவுக்குப் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பும்போது புது விசா முத்திரை வாங்கிக்கொள்வார்கள். 2012 பிப்ரவரியில் 180 நாளில் 90 நாள் மட்டும் என்று விதி வந்ததும் அது முடிந்தது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு 2020 மார்ச் முதல் விசாவே தேவையில்லை, ஆனால் அந்த 90 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் தங்க வசிப்பு அனுமதி வேண்டும். 2022இல் ரஷ்யா போர் தொடங்கியதும் ரஷ்யர்களும் உக்ரேனியர்களும் அந்தால்யா, அலன்யாவில் பெருமளவில் வந்து இறங்கினார்கள். வாடகை கன்னாபின்னாவென்று ஏறியது. உள்ளூர் ஆசிரியர்களும் செவிலியர்களும் வீடு கிடைக்காமல் திணறினார்கள். அந்த வருடமே அரசு ஒரு வரம்பு வைத்தது: வெளிநாட்டவர் எண்ணிக்கை மக்கள்தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டிய பகுதிகளில் புதிதாக வெளிநாட்டவரைப் பதிய மாட்டார்கள். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் அந்தப் பட்டியலில் வந்தன. 2023 அக்டோபரிலிருந்து சொத்தைக் காட்டி வசிப்பு அனுமதி கேட்க அதன் மதிப்பு குறைந்தது 2 லட்சம் டாலர் இருக்க வேண்டும். குடியுரிமைக்கு 4 லட்சம் டாலர், மூன்று வருடம் விற்கக் கூடாது. வாங்குவதற்கு முன் அந்தப் பகுதி பதிவுக்குத் திறந்திருக்கிறதா என்று குடிபெயர்வு அலுவலகத்தில் நேரில் விசாரிக்க வேண்டும், ஏஜென்டிடம் அல்ல.

இப்போது பணம் எந்த நாட்டுடையது என்ற கேள்வி. லிராவில் சம்பாதிப்பவருக்கும் பவுண்டில் பென்ஷன் வாங்குபவருக்கும் ஒரே தெருவில் இரண்டு வாழ்க்கை. பவுண்டிலேயே வைத்திருந்து தேவைக்கு மட்டும் மாற்றியவர்கள் தப்பினார்கள். லிரா கணக்கில் வட்டி அதிகம் என்று வீட்டை விற்ற பணத்தை மொத்தமாக லிராவில் போட்டு வட்டியில் வாழ்ந்த ஓய்வூதியர்கள் இருந்தார்கள். சில வருடம் ராஜ வாழ்க்கை, பிறகு முதலே கரைந்துபோனது. சித்தப்பாவுக்கு ஒரு நல்ல செய்தி: துருக்கியோடு பிரிட்டனுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் அங்கே வருடா வருடம் உயரும். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ திரும்பினால் போன தேதியில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும். சென்னையா ஃபெத்தியேயா என்று அவர் யோசிப்பவரானால், இருபது வருடத்தில் இது சிறிய தொகை இல்லை. மருத்துவத்துக்கு, ஒரு வருடம் வசித்த பிறகு அரசு மருத்துவக் காப்பீட்டில் மாதச் சந்தா கட்டிச் சேரலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு அது எவ்வளவு தாங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சின்ன விஷயம் ஒன்று: வெளிநாட்டுக் கைபேசியைத் துருக்கிய சிம்மோடு 120 நாள்தான் பயன்படுத்தலாம். அதற்கு மேல் பதிவுக் கட்டணம், 2025இல் 45,614 லிரா. இதைக் கேட்டதும் கோபப்படாத வெளிநாட்டவர் இல்லை.

கடைசியாகக் குளிர்காலம். ஐரோப்பியர் போடும் புகைப்படங்களில் ஜனவரி இருக்காது. மத்தியதரைக் கடற்கரையில் மழை முழுவதும் குளிர்காலத்தில்தான், அதுவும் நம் ஊர் ஐப்பசி அடைமழை போல நாள்கணக்கில். தெற்கிலிருந்து 'லோடோஸ்' காற்று அடித்தால் படகுகள் கிளம்பாது. கோடைக்காகக் கட்டிய வீடுகளுக்குச் சுவர் மெல்லியது. வெப்பக்குழாய் இணைப்புக் கிடையாது, ஏசியைத் திருப்பிப் போட்டுச் சூடேற்ற வேண்டும். மூலையெல்லாம் பூஞ்சை, பக்கத்து வீட்டு விறகு அடுப்புப் புகை. ஹிசாரோனுவும் ஓலூதெனிஸும் கல்கானும் கதவடைத்துக்கொள்ளும். பக்கத்து விமான நிலையமான டாலமானுக்கு லண்டனிலிருந்து கோடையில் குவியும் நேரடி விமானங்கள் குளிர்காலத்தில் அருகிவிடும், பெரும்பாலும் இஸ்தான்புல் வழியாகத்தான் வர வேண்டும். மறுபக்கம், உள்ளூர்க்காரர்கள் ஓய்வாக இருப்பது அப்போதுதான். ஆகஸ்டில் தலைநிமிர நேரமில்லாத கடைக்காரர் பிப்ரவரியில் தேநீர் வரவழைத்து உட்காரச் சொல்வார். ஆரஞ்சு குவிந்து கிடக்கும், மலையில் நடக்கலாம், கடலோரச் சாலை காலியாக இருக்கும். அங்கே நிலைத்துவிட்ட வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தை விரும்புகிறவர்கள், துருக்கி மொழியைக் கடைப்பேச்சு அளவுக்காவது கற்றவர்கள். மற்றவர்கள் தங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, யார் யாருக்கு என்ன செய்தார் என்ற வம்பிலேயே மாதங்களைக் கழிக்கிறார்கள். வெளிநாட்டவர் கூட்டத்தில் ஏமாந்தவர்களை விசாரித்தால் ஏமாற்றியவர் சில நேரம் சொந்த நாட்டுக்காரராகவே இருப்பார். 'நம்மாள்' என்று நம்பி வீட்டுச் சாவியையும் பணத்தையும் கொடுத்த கதைகள் அவை.

எனவே என் யோசனை: சித்தப்பா வாங்க வேண்டாம், முதலில் நவம்பர் தொடக்கம் முதல் ஜனவரி வரை, 90 நாளுக்குள், ஃபெத்தியே நகருக்குள்ளேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பார்க்கட்டும். மலைமேல் கடல் தெரியும் வில்லா வேண்டாம், மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடந்து போகிற தூரம் வேண்டும். சித்தியைக் கட்டாயம் கூட அழைத்துப் போக வேண்டும். இப்படிப்பட்ட குடியேற்றங்களில் கணவரின் ஆசைக்காகப் போய், பேரப்பிள்ளைகளை நினைத்து இரண்டாம் வருடம் திரும்பிவிடுவது பெரும்பாலும் மனைவிமார்தான். உங்கள் குடும்பப் பயணத்துக்கு மே கடைசி அல்லது செப்டம்பர் கடைசி நல்லது. கடலில் குளிக்கலாம், ஜூலை வெயிலும் விலையும் இருக்காது. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா இவற்றில் ஏதாவதொரு விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால்தான் 30 நாள் மின்விசா கிடைக்கும். இல்லாவிட்டால் முன்கூட்டியே முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். சித்தப்பாவைப் பார்க்க லண்டனுக்கு எடுத்த விசா கையில் இருந்தால் அது காலாவதி ஆகும் தேதியை முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.